கோமரத்தாடியும் ஆசானும் ஆசுத்திரியும்

எங்க குடும்பக்கோயில் கொடை முடிஞ்சதுலேருந்து வீட்டு வாட்ஸப் குரூப்புல ஒரே தர்க்கம். அண்ணன் மவன் வெளியூர்ல டாக்டருக்கு படிக்கான், இந்த தடவை லீவு போட்டு வந்தவன் ராத்திரி சாமக்கொடையில பெரியப்பா சாமி வந்து ஆடுனத வீடியோ எடுத்து குரூப்புல போட்டு, கீழ "இது ஒரு மனநோய், இதுக்கு மருந்து இருக்கு"ன்னு எழுதிட்டான். பெரியப்பா மக்க ரெண்டு பேரும் அவன பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்க, அவன் பதிலுக்கு ஏர்வாடி தீ விபத்து அது இதுன்னு பழைய பேப்பர் செய்தியெல்லாம் அள்ளிப் போட, கடைசியில எல்லாரும் "நீ சொல்லு அத்தே", "நீ சொல்லு மைனி"ன்னு என்கிட்ட வந்து நிக்காங்க. நான் கன்னியாகுமரி ஜில்லா குலசேகரம் பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கேன், எங்க பாட்டா அந்த காலத்து கோமரத்தாடி (சாமி இறங்கி ஆடுறவரு), அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் எனக்கு தெரியும்னு ஒரு எண்ணம். குரூப்புல நீளமா எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க, அதான் இங்க எழுதுகேன்.

என் முடிவ மொதல்லயே சொல்லிருகேன். கோமரத்தாடி வேணும். பாம்புக்கடிக்கும் வலிப்புக்கும் மூளைக்கு வர்ற தீனத்துக்கும் (நோய்க்கும்) ஆசுத்திரி (ஆஸ்பத்திரி) வேணும். தன்கிட்ட வர்ற ஆள ஆசுத்திரிக்கு அனுப்ப தெரிஞ்சவரு தான் நல்ல கோமரத்தாடி, தன்கிட்ட வர்ற ஆள் கையில கெடக்குற கறுப்பு கயித்த பாத்து "இது யாரு கட்டுனா, என்ன சொன்னாங்க"ன்னு கேக்க தெரிஞ்சவரு தான் நல்ல டாக்டர். இத சும்மா சமாதானத்துக்கு சொல்லல்ல, எங்க வீட்டுலயே நடந்தது இருக்கு, சொல்லுகேன்.

வெளி ஜில்லாக்காரங்களுக்கு கொஞ்சம் விளக்கணும். எங்க பக்கம் சுடலமாடன், இசக்கி, முத்தாரம்மன் இப்பிடி குடும்பத்துக்கு குடும்பம் சாமி உண்டு, வருசத்துக்கொருக்கவோ சில வருசத்துக்கொருக்கவோ கொடை குடுப்போம், அதுல சாமி இறங்கி ஆடுறவருக்கு கோமரத்தாடின்னு பேரு. வில்லுப்பாட்டுக்காரரு கதை பாடிட்டே வந்து ஒரு இடத்துல சாமிய வரவழைக்கிற வரத்துப்பாட்டுக்கு திரும்புவாரு, உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும், வீசுகோல் வில்லுல விழுகுற சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்கும். அதுவரைக்கும் தூணுல சாஞ்சு கண்ண மூடி இருக்குற பெரியப்பாவுக்கு மொதல்ல கொட்டாவி வரும், ஒண்ணு மாத்தி ஒண்ணு. அப்புறம் கால் பெருவெரல் மட்டும் தனியா துடிக்கும். அந்த துடிப்பு முட்டுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, தோளுக்கு வரும்போது ஒரு கத்து கத்தி எழும்புவாரு. முட்டுவலிக்கு மாசாமாசம் என் கடையில மாத்திரை வாங்குற மனுசன், கச்சையும் சல்லடமும் கெட்டி, ஒரு கையில பந்தமும் ஒரு கையில வல்லயமுமா (ஈட்டி) விடிய விடிய களம் சுத்துறாரு. மஞ்சக்குளி நேரம் கொதிக்குற மஞ்சத்தண்ணியில கமுகம்பாளைய முக்கி தலையில அடிப்பாரு, பக்கத்துல நிக்கிறவங்க மேல தெறிக்கிற துளி சுடும், அவரு முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது.

இது நோயா? மருமவனே, உன் பாடத்துலயே பதில் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி 11, 2022லேருந்து நடைமுறையில இருக்குற நோய்ப்பட்டியல், அதுல ஆவேசம் வர்றத ஒரு கோளாறா சேத்திருக்காங்க தான், ஆனா ஊரும் சமயமும் ஒத்துக்கிட்ட ஒரு சடங்குக்குள்ள வந்து, சடங்கு முடிஞ்சதும் அடங்கிப்போற ஆவேசம் அதுல சேராது. ஆளுக்கு விருப்பமில்லாம, நேரங்காலம் இல்லாம வந்து, அவரு வேலையையும் குடும்பத்தையும் குலைச்சா தான் அது கோளாறு. பெரியப்பாவுக்கு வருசத்துல கொடைக்கு வரும், வெள்ளி செவ்வாய்ல யாராவது தேடி வந்தா லேசா வரும், மத்த நாள் ரப்பர் பால் எடுத்துட்டு பேரப்பிள்ளைய ஸ்கூலுக்கு கூட்டிட்டு போறாரு. அவர பிடிச்சு மாத்திரை குடுத்தா எதுக்கு குடுக்கணும்?

சரி, நோய் இல்ல, அப்ப அது எதுக்கு உதவுது? இத யோசிக்கும்போது எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது நான் பாவாடை சட்டை போட்ட காலத்துல பாத்த ஒரு காட்சி. விபூதி வாங்க வரிசையில நின்ன ஒரு மருமவ பிள்ள, மாப்பிள வளைகுடாவுல, சாமி முன்னாடி வந்ததும் ஒண்ணும் கேக்கல்ல, வாய பொத்திட்டு அழுதா. பாட்டா மேல நின்ன சாமி அவ நெத்தியில மஞ்சணைய அப்பிட்டு, கொஞ்ச நேரம் அவளையே பாத்துட்டு, தள்ளி நின்ன மாமியார பேர் சொல்லி கூப்பிட்டு, "எம்பிள்ளைய பசியோட படுக்க வச்சது ஆரு?"ன்னு கேட்டுது. மொத்த ஊரும் நிக்கி. மேளம் நின்னுட்டு. அந்த மாமியாரு தலைய குனிஞ்சவங்க தான். அந்த கேள்விய பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருந்தா சண்டை, பஞ்சாயத்துல கேட்டிருந்தா "குடும்ப விசயம்"னு மூடியிருப்பாங்க, போலீசுக்கு போக அந்த பிள்ளைக்கு தைரியம் கிடையாது. சாமி கேட்டா மட்டும் எதிர்த்து பேச முடியாது. பாட்டாவுக்கு ஊர்ல எந்த வீட்டுல என்ன நடக்குன்னு தெரியாமலா இருக்கும், எல்லாம் தெரியும், ஆனா கோமரத்தாடியா நிக்கும்போது தான் அத சொல்ற அதிகாரம் வருது. எங்க சாமிகள்ல பாதி பேரு அநியாயமா கொல்லப்பட்டவங்க, ஏமாத்தப்பட்ட பொண்ணுங்க, வயித்துப்பிள்ளையோட செத்தவங்க. அவங்க வாய் வழியா தான் இந்த ஊரு தன் குத்தத்த ஒத்துக்குது, அதுவும் ஒரு வைத்தியம் தான்னு நான் நம்புகேன்.

உலகத்துல இந்த மாதிரி ஆட்கள் இல்லாத பக்கமே கொறவு. சைபீரியாவுல ஷாமன் மத்தளத்த அடிச்சு தன் உயிர மேலுலகத்துக்கும் கீழுலகத்துக்கும் அனுப்பி, நோயாளியோட தொலைஞ்ச உயிர தேடி கொண்டுவருவாருன்னு சொல்றாங்க, நம்ம பக்கம் ஆளு எங்கயும் போறதில்ல, சாமி தான் இறங்கி வருது, அந்த ஒரு வித்தியாசத்த வச்சு படிச்சவங்க ரெண்டையும் தனித்தனியா பிரிப்பாங்க, தேடி வர்ற ஆளுக்கு அதுல பெரிய வித்தியாசம் இல்ல. சோவியத் காலத்துல ஷாமன்கள வேட்டையாடி மத்தளத்த எல்லாம் பிடுங்கி மியூசியத்துல வச்சாங்க, 1991க்கு அப்புறம் ரஷ்யாவுல துவாங்கிற பகுதியில அவங்க சங்கம் வச்சு ஆபீஸ் போட்டு திரும்ப வந்தாச்சு. கொரியாவுல ஜேஜு தீவுல கடலுக்கு போறவங்களுக்காக நடத்துற ஒரு ஷாமன் சடங்க 2009ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேத்துது. அத்தனை பெரிய டெக்னாலஜி நாடு, அங்கயும் அது போகல்ல.

நம்மகிட்டயே சங்க காலத்துல வேலன் வெறியாட்டு இருந்திருக்கு, வேலன்னா முருகன் பூசாரி. பொண்ணு மெலிஞ்சு போறா, சோறு இறங்கல்ல, அம்மைக்கு (தாய்க்கு) பயம், வேலன கூப்பிட்டு ஆட்டு ரத்தம் குடுத்து வெறியாட வைக்கா. ஆனா தோழிக்கு தெரியும், இது முருகன் வேலை இல்ல, மலைநாட்டுக்காரன் ஒருத்தன் மேல வந்த காதல்னு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே "இது அந்த கேஸ் இல்ல"ன்னு சொல்ற ஒரு ஆளு பாட்டுக்குள்ளயே நிக்கி. அந்த தோழி மாதிரி ஒருத்தி ஒவ்வொரு வீட்டுலயும் இருந்தா பாதி பிரச்சினை தீந்துரும்.

இப்ப எங்க வீட்டு கதை. சித்திக்கு மொத பேறு கழிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல்ல, உறக்கம் போயிட்டு. ராத்திரி எழும்பி முற்றத்துல நடப்பா, யாரோ கூப்பிடுற மாதிரி திரும்பி பாப்பா, பிள்ளைய தூக்க மாட்டேன்னு சொல்லுவா, இது என் பிள்ளை இல்ல மாத்திட்டாங்கன்னு சொல்லுவா. ஒரே வெப்ராளம், தவிப்பு. பேறு கழிஞ்ச வீடு, மேக்க பக்கம் இசக்கி கோயில், அக்கம்பக்கத்துல எல்லாரும் இசக்கி பிடிச்சிட்டுன்னு முடிவே பண்ணிட்டாங்க. ஒரு மந்திரவாதி பேர சொல்லி, அங்க கொண்டு போனா வேப்பங்குழையால நாலு சாத்து சாத்தி இறக்கிருவாருன்னு வேற சொன்னாங்க. பாட்டா சம்மதிக்கல்ல. அவரே விளக்கு கொளுத்தி, விபூதி போட்டு, சித்தி கையில கயிறு கட்டி, "பயப்படாத மக்ளே, நான் இருக்கேன், உன்ன ஒண்ணும் தொடாது"ன்னு சொன்னாரு. சித்தி அன்னைக்கு தான் கொஞ்ச நேரம் கண்ண மூடுனா. எல்லாரும் ஆச்சு, சரியாயிட்டுன்னு இருக்கும்போது பாட்டா சித்தப்பாவ வெளிய கூட்டிட்டு போய், "லேய், இது நம்ம கைக்குள்ள அடங்குறது இல்ல. பச்ச உடம்புக்காரி, பிள்ளைய என்ன செய்வான்னு சொல்ல முடியாது. விடிஞ்ச உடனே வண்டி பிடி"ன்னாரு.

அது என்ன தீனம்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சு, மருந்துக்கடை படிப்பு படிக்கும்போது தான் புரிஞ்சுது. பேறு கழிஞ்ச மனநோய், ஆயிரம் பேறுக்கு 1 இல்லன்னா 2 பேருக்கு வரும், பெரும்பாலும் மொத ரெண்டு வாரத்துக்குள்ள திடுதிப்புன்னு வரும், அம்மை உயிருக்கும் பிள்ளை உயிருக்கும் ஆபத்து, ஆனா நேரத்தோட மருந்து குடுத்தா நல்லா குணமாயிரும். உறக்கம் சுத்தமா போறதும், பிள்ளைய பத்தி விபரீதமா பேசுறதும் அதோட அடையாளம். இத படிக்கிற யாரு வீட்டுலயாவது இப்பிடி கண்டா ஒரு ராத்திரி கூட காத்திருக்காதுங்க.

மொத போன இடத்துல இருந்த டாக்டர் கயித்த பாத்ததும் கோவப்பட்டு கத்திரி எடுத்து வெட்ட வந்தாரு, சித்தி அலறி மாத்திரைய துப்பிட்டா. ரெண்டாவது போன இடத்துல ஒரு டாக்டரம்மா, பொறுமையான ஆளு, "இது யாரு கட்டுனா?"ன்னு கேட்டாங்க. மாமா கட்டுனாருன்னு சித்தி சொன்னா. "மாமா கட்டுனது கையிலயே கெடக்கட்டும், உறக்கத்துக்கு நான் ஒரு மாத்திரை தாரேன், ரெண்டும் சேந்து இருக்கட்டும்"னாங்க. சித்தி மாத்திரைய முழுங்குனா. கொஞ்ச மாசத்துல பழைய ஆளா வந்துட்டா, அந்த பிள்ளைக்கு இப்ப கல்யாணமே ஆயிட்டு. குணமாக்குனது மருந்து, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த மருந்து சித்தி தொண்டைக்குள்ள இறங்குனதுக்கு அந்த கயிறும் ஒரு காரணம், இதுலயும் எனக்கு சந்தேகம் இல்ல. பேய்க்கும் பாரு நோய்க்கும் பாருன்னு நம்ம பெரியவங்க சொன்னத பல பேரு பேய்க்கு மட்டும் பாத்துட்டு விட்டுருதாங்க, பாட்டா முழுசா கேட்ட ஆளு.

மருமவன் ஏர்வாடிய சொன்னான். அத யாரும் மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில தர்காவ சுத்தி தனியாரு நடத்துன மனநல காப்பகங்கள்ல ஒண்ணுல ஓலைக்கொட்டகை தீப்பிடிச்சுது, கால்ல சங்கிலி போட்டு கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தாங்க. நம்பிக்கையோட வந்த குடும்பங்க, தீனக்காரங்கள விட்டுட்டு போன இடம். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியில கட்டக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, இன்னைக்கு யாராவது கட்டுனா அது குத்தம், அது கோயிலா இருந்தாலும் சரி ஜெப வீடா இருந்தாலும் சரி தர்கா பக்கமா இருந்தாலும் சரி. அந்த ஏர்வாடியிலயே பின்னாடி அரசாங்கம் தர்காவோட சேந்து துவாவும் (பிரார்த்தனையும்) உண்டு தவாவும் (மருந்தும்) உண்டுன்னு, வேண்டிக்க வர்றவங்களுக்கு அங்கயே மனநல டாக்டர் பாத்து மருந்து குடுக்குற மாதிரி ஒரு ஏற்பாடு கொண்டுவந்துது. தீ பிடிச்ச ஊருலேருந்தே இப்பிடி ஒரு வழி வந்திருக்குறத நான் பெரிய விசயமா நினைக்கேன்.

இன்னொண்ணும் மருமவனுக்கு காட்டணும். 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துது, தமிழ்நாட்டுல ஒரு கிராமத்து கோயில்ல தங்குன 31 மனநோயாளிகள மனநல டாக்டர்களே போய் பாத்து, வரும்போது ஒரு தடவை போகும்போது ஒரு தடவை நோய்க்குறிய அளந்தாங்க. அந்த அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் கொறஞ்சிருந்துது, சில மருந்துகளால கிடைக்குற அளவுக்கு சமம்னு அவங்களே எழுதுனாங்க. அங்க பேயோட்டுறது அடிக்கிறது ஒண்ணும் கிடையாது. கூட ஒரு சொந்தக்காரங்க தங்கணும், காலையில பூசை, முற்றம் பெருக்குறது, செடிக்கு தண்ணி ஊத்துறதுன்னு சின்ன சின்ன வேலை, யாரும் பைத்தியம்னு கூப்பிடாத ஒரு இடம். 31 பேருங்கிறது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டு பாக்க வேற கூட்டமும் வைக்கல்ல, அதனால இத வச்சு மாத்திரைய நிறுத்துன்னு யாரும் சொல்லக்கூடாது. ஆனா தீனக்காரங்களுக்கு ஒரு இடமும் வேலையும் கூட ஒரு ஆளும் இருந்தா எவ்வளவு தூரம் தேறுவாங்கன்னு அது காட்டுது.

இது ஒரு மதத்துக்காரங்க விசயம்னு யாரும் நினைக்காண்டாம். ராஜாவூர் மிக்கேல் சம்மனசு கோயிலுக்கு பேய் பிடிச்சிட்டுன்னு கூட்டிட்டு வர்றதுல எல்லா மதத்துக்காரங்களும் உண்டு, தக்கலையில பீர்முகமது அப்பா தர்காவுக்கு இந்துக்களும் போறாங்க, முப்பந்தல் இசக்கிக்கு யாரு போறதில்ல. 2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்சப்ப கடலுக்கு போன எத்தனையோ பேரு திரும்பல்ல, உடம்பு கூட கிடைக்காத வீடு கடற்கரையில இருக்கு. அந்த வீட்டு பொண்ணுங்க நெஞ்சு படபடப்பு, உறக்கம் இல்லன்னு மாத்திரை சீட்டோட அலைஞ்சாங்க. மாத்திரை கொஞ்சம் உறங்க வைக்கும், செத்தாரா இருக்காரான்னு தெரியாத மனசுக்கு மாத்திரை என்ன சொல்லும். ஆள் இல்லாமலே பூசை வச்சு, மணி அடிச்சு, ஊரே சேந்து அழுத அன்னைக்கு தான் சில பேருக்கு அழுகையே வந்துது.

இதுல அய்யா வைகுண்டர சொல்லாம விட முடியாது, அவரும் இந்த மண்ணு தான். 1809லேருந்து 1851 வரைக்கும் வாழ்ந்தவரு, மாடனுக்கும் காடனுக்கும் பலி குடுக்காத, மந்திரவாதத்துக்கு பணத்த கொட்டாதன்னு சாமிதோப்புலேருந்து சனத்துக்கு சொன்னவரு. ஏழை சனம் கடன் வாங்கி ஆடு கோழி வெட்டி அழிஞ்சத பாத்து சொன்னது அது. அப்பிடி சொன்னவரும் தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பல்ல, தண்ணியும் மண்ணும் குடுத்து தான் தீனத்த மாத்துனாருன்னு அய்யாவழிக்காரங்க சொல்றாங்க, இன்னைக்கும் பதத்த (அந்த தண்ணிய) குடிச்சு நாமத்த இட்டுட்டு போறவங்க எத்தனை பேரு, சில நிழல் தாங்கல்ல (அய்யாவழி கோயில்ல) குறி மாதிரி கணக்கு சொல்றதும் உண்டு. பயத்த காட்டி பணம் பறிக்கிறத எடுத்துட்டு ஆறுதல மட்டும் வச்சுக்கிட்டாரு, இந்த விசயத்துல நான் அவரு பக்கம் தான்.

வர்மமும் எலும்பு முறிவும் பாக்குற ஆசான்மாரு கதை வேற. வர்மம்னா உடம்புல அடிபட்டா ஆபத்தான இடங்க. எங்க ஜில்லாவ வர்மத்தோட ஊருன்னே சொல்லலாம், படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108னு கணக்கு, அடிமுறைங்கிற சண்டைக்கலைய கத்துக்கிற இடத்துலயே அடிபட்டா இளக்குறதும் (சரியாக்குறதும்) கத்துக்கணும். எலும்பு முறிஞ்சா ஆசுத்திரிக்கு போறதுக்கு முன்னாடி ஆசான்ட்ட போறவங்க இன்னைக்கும் நெறைய. எனக்கு தெரிஞ்ச ஒரு ஆசான் இருக்காரு, வாசல்ல நுழையும்போதே தைலம் மணக்கும், மூங்கில் பத்தைய சீவி அடுக்கி வச்சிருப்பாரு, முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைச்சு துணியில தேய்ச்சு கட்டுவாரு, கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ண மூடி குருவ நினைச்சு ஏதோ முணுமுணுப்பாரு. ஆனா அதுக்கும் முன்னாடி அவரு சொல்ற மொத வார்த்தை, "எக்ஸ்ரே எடுத்துட்டு வா மக்ளே". படத்த ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு பாத்துட்டு, எலும்பு தோல கிழிச்சிருந்தாலோ விரலு மரத்துப்போயிருந்தாலோ தொடவே மாட்டாரு, நேரா அனுப்பிருவாரு. இவரும் மந்திரம் சொல்றவரு தான், மருந்தும் தெரிஞ்சவரு தான். மணி மந்திரம் மருந்துன்னு மூணையும் சேத்து தான் நம்ம வைத்தியமே வளந்துது, அத பிரிச்சு ஒண்ண அறிவியல்னு பாளையங்கோட்டை சித்தா காலேஜுலயும் கோட்டாறு ஆயுர்வேத காலேஜுலயும் வச்சுட்டு, இன்னொண்ண மூடநம்பிக்கைன்னு வெளிய நிறுத்தியாச்சு. மருந்து பாகத்த சோதிச்சு பாக்கலாம், பாக்கணும், அதுல தப்பே இல்ல. மத்த பாகத்துக்கு என்ன செய்யுறதுன்னு யாரும் யோசிக்கல்ல.

பாம்புக்கடியில மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். எங்க பக்கம் ரப்பர் வெட்ட விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துக்குள்ள இறங்குறாங்க, சருகுக்குள்ள என்ன கெடக்குன்னு தெரியாது. இந்தியாவுல வருசத்துக்கு சுமார் 58,000 பேரு பாம்புக்கடியில சாகுறாங்கன்னு 2020ல வந்த ஒரு கணக்கு சொல்லுது. மந்திரிச்சு பிழைச்சவங்க இருக்காங்களேன்னு கேப்பாங்க, இருக்காங்க தான், ஏன்னா கடிக்கிற பாம்புல பாதிக்கு மேல விஷம் இல்லாதது, விஷப்பாம்பும் சில நேரம் விஷத்த இறக்காம வெறும் பல்ல மட்டும் பதிச்சுட்டு போயிரும், அந்த ஆளு ஒண்ணுமே செய்யாம இருந்தாலும் பிழைச்சிருப்பாரு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஆசுத்திரியில ஊசி இருக்கு. மலையோர ரப்பர் தோட்டத்துல மூக்கு மேல தூக்குன மாதிரி ஒரு சின்ன குழிவிரியன் உண்டு, அதுக்கு இந்த ஊசி கேக்காது, அதுக்கும் ஆசுத்திரி தான் போகணும், ஏன்னா அது கிட்னிய கெடுக்கும், அத கண்டுபிடிச்சு பாக்க அங்க தான் முடியும். கட்டு போட்டு இறுக்காதுங்க, கீறாதுங்க, கால அசைக்காம வச்சு 108ஐ கூப்பிடுங்க. இதுல சாமிக்கு வேலை வழியில பிரார்த்தனை பண்றது மட்டும் தான்.

மலைக்கு மேல போனா பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் காணிக்காரங்க இருக்காங்க. அவங்கள்ல பிலாத்தின்னு ஒருத்தரு, வைத்தியரும் அவரு தான், ராத்திரி பூரா கொக்கரைய, அது ஒரு இரும்பு குழல், இன்னொரு கம்பியால உரசிட்டே சாற்றுப்பாட்டு பாடி தீனத்த இறக்குறவரும் அவரு தான். எந்த வேரு எந்த தீனத்துக்குன்னு அவருக்கு தெரிஞ்ச அறிவ வெளியுலகம் எப்பிடி எடுத்துச்சுங்கிறதுக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1987ல புஷ்பாங்கதன் தலைமையில விஞ்ஞானிகள் கேரளா பக்கம் அகத்தியர் மலையில ஏறுனப்ப, கூட வழிகாட்ட வந்த காணிக்காரங்க ஏதோ ஒரு காய மென்னுட்டே களைப்பில்லாம நடந்தத பாத்தாங்க. அதுதான் ஆரோக்கியபச்சைங்கிற செடியோட காய். அதுலேருந்து ஜீவனின்னு ஒரு மருந்து செஞ்சு 1995ல கோயம்புத்தூர் கம்பெனிக்கு உரிமம் குடுத்தாங்க, 10 லட்சம் ரூபாயும் 2 சதவீதம் ராயல்டியும், அதுல பாதி காணிக்காரங்களுக்கு. உலகத்துக்கே முன்மாதிரின்னு பரிசெல்லாம் வாங்குன ஏற்பாடு அது, நல்ல விசயம் தான். ஆனா அந்த அறிவ தலைமுறையா காத்துட்டு வந்த பிலாத்திமாருல சில பேரு, எங்க அறிவ விக்க நீங்க யாருன்னு அப்பவே எதிர்த்தாங்க. செடிக்கு விலை போட்டாங்க, பாட்டுக்கும் பிலாத்திக்கும் யாரும் விலை போடல்ல. நம்ம பக்கத்து மலையில சாற்றுப்பாட்டு முழுசா தெரிஞ்சவங்க வயசாளிங்களா ஆயிட்டு வர்றாங்க, பிள்ளைகளுக்கு அத படிக்க நேரமும் இல்ல ஆசையும் இல்ல.

மெக்சிகோவுல மரியா சபீனான்னு ஒரு அம்மை இருந்தாங்க, மசாதெக் பழங்குடி, ஒருவகை காளான சாப்ட்டு ராத்திரி பூரா பாடி தீனக்காரங்கள குணமாக்குறவங்க. 1955ல ஒரு அமெரிக்க பேங்க்காரரு அந்த சடங்குல கலந்துட்டு, 1957ல லைஃப் பத்திரிகையில எழுதுனாரு. அதுக்கப்புறம் அந்த மலைகிராமத்துக்கு வெள்ளைக்காரங்க கூட்டம் கூட்டமா வந்து நாசம் பண்ணி, ஊர்க்காரங்க கோவம் அந்த அம்மை மேல திரும்பி, அவங்க வீட்டையும் எரிச்சாங்க. அவங்க அத செஞ்சது நோயாளிக்காக, வந்தவங்க கேட்டது அனுபவம். இப்ப நம்ம நாட்டுலயும் ஷாமன் ரிட்ரீட்னு வாரக்கடைசி பேக்கேஜ் விளம்பரம் எல்லாம் வருது, மத்தளம் அடிச்சு கண்ண மூடி உக்காந்துட்டு வரலாம், போறவங்க போகட்டும், ஆனா பெரியப்பா மாதிரி ஆளு ஊருக்குள்ளயே பொறந்து, கொடைக்கு முன்னாடி விரதம் இருந்து, தப்பா ஒரு வார்த்தை சொன்னா மறுநாள் அதே தெருவுல அதே முகங்கள பாக்க வேண்டியவரு. அந்த பொறுப்பு இருக்கே, அதுதான் இந்த வேலைக்கு காவல். காசு வாங்கிட்டு போன் நம்பர மாத்துற மந்திரவாதிக்கு அந்த காவல் இல்ல. தகடு எடுக்க இவ்வளவு, செய்வினை முறிக்க இவ்வளவுன்னு கேட்டு நகைய அடகு வைக்க வச்சவங்கள என் கடைக்கு வர்ற பொண்ணுங்க சொல்லி அழுது கேட்டிருக்கேன். அந்த மாதிரி ஆட்கள மருமவன் எவ்வளவு திட்டுனாலும் நானும் கூட சேந்து திட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை பெரியப்பா மாத்திரை வாங்க வந்தப்ப கேட்டேன், "பெரியப்பா, விபூதி போடும்போது பாம்பு கடிச்சா நேரா ஆசுத்திரிக்கு போன்னு சாமி ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? ஊரு கேக்குமே." அவரு உடனே பதில் சொல்லல்ல. அப்புறம், "அருள் வரும்போது நான் யோசிச்சு பேசுறது இல்ல பிள்ளே, மனசுல என்ன கெடக்கோ அது வரும். நீ இப்ப சொல்லிட்ட இல்லியா, கெடக்கட்டும்"னாரு.

மருமவன்ட்டயும் பேசுனேன். அடுத்த கொடை நோட்டீஸுக்கு பின்பக்கம் சும்மா தான கெடக்கு, அதுல பாம்பு கடிச்சா என்ன செய்யணும், பேறு கழிஞ்சவ உறங்கல்லன்னா என்ன செய்யணும், 108, 104, மனசு சரியில்லன்னா காசில்லாம பேசக்கூடிய 14416, இதெல்லாம் அடிக்கலாம், நீ எழுதித் தான்னு சொன்னேன். எழுதித்தாரேன்னு சொல்லியிருக்கான், ஆனா பெரியப்பா மக்கட்ட மன்னிப்பு கேக்க மாட்டானாம், அவங்களும் வீடியோவ அழிக்கிற வரைக்கும் குரூப்புக்கு திரும்ப மாட்டாங்களாம். அச்சுக்கூலிய நான் குடுக்கேன்னு கோயிலுக்கு வரி குடுக்குற வரிக்காரங்கட்ட சொல்லியாச்சு. உங்க குடும்பக்கோயில்லயும் நோட்டீஸ் அடிக்கிறதா இருந்தா கேளுங்க, மருமவன் எழுதுனதும் அனுப்பி வைக்கேன்.